மியன்மார் 2025: காணொளியில் நிலம் நகர்ந்தது 1.3 நொடி, பிளவு உடைந்தது ஒன்றரை நிமிடம். இரண்டும் எப்படிச் சரியாகும்?

கேள்வி: கருங்கல்_செல்வி

2025 மார்ச் 28 அன்று மியன்மாரின் சகாயிங் பிளவில் வந்த 7.7 நிலநடுக்கத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். தாசி ஊருக்கு அருகே ஒரு சூரிய மின்நிலையத்தின் கண்காணிப்புக் கேமராவில் பிளவு நகரும் காட்சியே பதிவாகியிருக்கிறது. அந்தக் காணொளியை ஒவ்வொரு படமாக (ஃபிரேம்) நிறுத்தி அளந்த கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 2.5 மீட்டர் நகர்வு, அதற்கு 1.3 நொடி, உச்ச வேகம் நொடிக்கு 3.2 மீட்டர் என்கிறார்கள். உடைந்த பிளவின் நீளமோ 460 கி.மீ.க்கு மேல். உடைந்து முடிய ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் ஆனதாம்.

பிளவின் இரு பக்கமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகர்ந்தன என்றுதான் பாடப்புத்தகப் படம் காட்டுகிறது. அப்படியென்றால் தாசியில் மட்டும் ஏன் 1.3 நொடியில் முடிந்தது? மீதி 88 நொடி அந்த இடம் என்ன செய்துகொண்டிருந்தது? உடைவு எஸ் அலையைவிட (பாறையைக் குறுக்காக அசைத்துச் செல்லும் நிலநடுக்க அலை) வேகமாகப் போனதாகவும் எழுதுகிறார்கள். அலைதானே தகைவைச் (பாறைக்குள் ஒரு பரப்பில் செயல்படும் விசை) சுமந்து போகிறது, அதை உடைவு எப்படி முந்தும்? கடைசியாக ஒன்று: மேக்திலா பகுதி 1839க்குப் பிறகு உடையாத 'இடைவெளி' என்று முன்பே குறித்து வைத்திருந்தார்கள். உடைவு ஏன் அந்த இடைவெளியோடு நிற்கவில்லை?

பதில் 1: உடைவுமுனை

பாடப்புத்தகப் படத்தில் இரண்டு கட்டைகள் முழுசாக ஒரே நேரத்தில் நகர்கின்றன. குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. உண்மையில் 460 கி.மீ.யும் ஒருசேர நகர்ந்த கணம் என்று ஒன்று இல்லவே இல்லை. விரித்த பாயின் ஒரு ஓரத்தில் சுருக்கம் உண்டாக்கி மறு ஓரம் வரை தள்ளிவிட்டால் பாய் முழுவதும் சிறிது இடம் மாறியிருக்கும். ஆனால் எந்த நொடியிலும் தரையைவிட்டு நகர்வது சுருக்கம் இருக்கும் இடம் மட்டுமே. சகாயிங் பிளவில் ஓடியதும் அப்படிப்பட்ட ஒரு துடிப்பு.

கணக்காகவே பார்க்கலாம். உடைவு முனை நொடிக்கு 5 கி.மீ. வேகத்தில் போனது என்று வைப்போம். ஓரிடத்தில் நழுவல் 1.3 நொடி நீடித்தால், அந்தக் கணத்தில் நகர்ந்துகொண்டிருக்கும் பிளவின் நீளம் 5 × 1.3 = 6.5 கி.மீ. மட்டுமே. முன்னால் இருப்பது இன்னும் பூட்டியபடி இருக்கிறது, பின்னால் இருப்பது மறுபடி பூட்டிக்கொண்டுவிட்டது. மையத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 400 கி.மீ. தூரத்தை 5 கி.மீ. வேகத்தில் கடக்க 80 நொடி. உங்கள் இரண்டு எண்களும் இப்படித்தான் ஒத்துப்போகின்றன. தாசியில் நிலம் 1.3 நொடி நழுவியது. ஆனால் துடிப்பு வரும் முன்பும் போன பின்பும் அலைகளால் குலுங்கிக்கொண்டேதான் இருந்தது. நழுவலையும் குலுக்கத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

இனி, தொடங்குவது எப்படி? ஏறத்தாழ 10 கி.மீ. ஆழத்தில், மண்டலே-சகாயிங் அருகே, சிறிய ஒரு பரப்பில் தகைவு உராய்வு வலிமையைத் தாண்டுகிறது. நழுவத் தொடங்கியதும் உராய்வு குறைகிறது. உராய்வு குறைவதால் இன்னும் வேகமாக நழுவுகிறது. பாறை மெதுவாக உரசும்போது உராய்வுக் கெழு 0.6 முதல் 0.85 வரை. நொடிக்கு 10 செ.மீ.யைத் தாண்டினால் தொடுபுள்ளிகள் நுண்ணளவில் நொடிப்பொழுதில் சூடாகி வலுவிழக்கின்றன. பிளவின் நடுவே நசுங்கிக் கிடக்கும் மாவு போன்ற பாறைத்தூளில் அடைபட்ட நீரும் சூடேறி விரிந்து, இரு பக்கச் சுவர்களையும் தள்ளிப் பிடிக்கிறது. கெழு 0.1 முதல் 0.3 வரை இறங்கிவிடும். விடுபட்ட சுமை உடைவு முனைக்கு முன்னால் இருக்கும் பூட்டிய பகுதியின் மேல் விழுகிறது. அது உடைய, சுமை அடுத்ததற்குப் போகிறது.

சரி, ஏன் உடனே மறுபடி பூட்டிக்கொள்கிறது? பெரிய காரணம் ஆழ வரம்பு. பக்கவாட்டுப் பிளவுகளில் நிலநடுக்கம் தரும் பாறை மேல் 15 கி.மீ. அளவில்தான். அதற்குக் கீழே சூடு அதிகம், பாறை உடையாமல் மெல்ல ஊர்கிறது. உடைவு அந்த அடி எல்லையில் முட்டியதும் 'இங்கே நின்றுவிட்டது' என்ற செய்தி அலையாக மேலே திரும்பி, நழுவலை அணைக்கிறது. ஆகவே நீளம் 50 கி.மீ. ஆனாலும் 500 கி.மீ. ஆனாலும் ஓரிடம் நழுவும் நேரம் சில நொடிகளைத் தாண்டுவதில்லை. இதோடு, நழுவல் வேகம் குறைந்தவுடன் உராய்வு மீள்வதும் துடிப்பைக் குறுக்கும்.

அளவையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மொமென்ட் (நிலநடுக்கத்தின் மொத்த அளவைக் காட்டும் எண்) = விறைப்புக் குணகம் × பரப்பு × சராசரி நழுவல். 7.7க்கு உரிய மொமென்ட் 4.5 × 10²⁰ நியூட்டன்-மீட்டர். குணகத்தை 30 ஜிகாபாஸ்கல், நீளத்தை 460 கி.மீ., ஆழத்தை 15 கி.மீ. என்று வைத்தால் சராசரி நழுவல் 2.2 மீட்டர் வரும். ஆழத்தை 11 கி.மீ. என்று வைத்தால் 3 மீட்டர். மேற்பரப்பில் அளந்தவற்றோடு இரண்டாவது எண்தான் நெருங்கி வருகிறது. உடைந்த பட்டை நீளமாகவும், ஆழம் குறைந்தும் இருந்தது என்பதற்கு இது ஒரு அறிகுறி.

பதில் 2: அலைவரைவி

முந்துவது எப்படி என்ற கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

மேலோட்டில் எஸ் அலை நொடிக்கு 3.5 கி.மீ., பி அலை (பாறையை அழுத்தி விரித்துச் செல்லும், முதலில் வந்து சேரும் அலை) 6 கி.மீ. என்று கொள்வோம். பிளவின் திசையிலேயே நழுவிக்கொண்டு அதே திசையில் ஓடும் உடைவுக்கு முதல் வேகத்தடை ரேலி அலை (மேற்பரப்பை ஒட்டி ஓடும் அலை) வேகம், அதாவது எஸ் அலையின் 0.92 பங்கு, ஏறத்தாழ 3.2 கி.மீ. அதை நெருங்க நெருங்க உடைவு முனைக்குக் கிடைக்கும் ஆற்றல் சுழியை நோக்கி இறங்குகிறது. 3.2க்கும் 3.5க்கும் இடையே ஆற்றல் கணக்கே எதிர்மறையாகிவிடும், அங்கே நிலையாக ஓட முடியாது. ஆனால் 3.5ஐத் தாண்டிவிட்டால் மறுபடி ஆற்றல் கிடைக்கிறது. எனவே படிப்படியாக வேகம் ஏறித் தாண்டுவதில்லை, ஒரேயடியாகத் தாவ வேண்டும்.

தாவுவது இப்படி. உடைவு முனைக்கு முன்னால், அது அனுப்பும் எஸ் அலையோடு சேர்ந்து ஒரு தகைவு மேடு ஓடுகிறது. உடைவு நீள நீள அந்த மேடு உயர்கிறது. ஒரு கட்டத்தில் மேட்டின் உச்சி பாறையின் வலிமையைத் தொட்டுவிட்டால், தாய் உடைவு வந்து சேரும் முன்பே அங்கே ஒரு சேய் உடைவு பிறக்கும். அது பிறக்கும்போதே எஸ் அலையை முந்திய நிலையில்தான் இருக்கும். ஆக, 'அலைதானே தகைவைச் சுமக்கிறது' என்ற உங்கள் வாதம் தவறில்லை. பி அலையும் தகைவைச் சுமக்கிறது. உச்ச வரம்பு அதுதான், எஸ் அலை அல்ல.

எல்லாப் பிளவிலும் இது நடக்காது. (வலிமை − தொடக்கத் தகைவு) ÷ (தொடக்கத் தகைவு − நழுவும்போதுள்ள தகைவு) என்ற விகிதம் 1.77க்குக் கீழே இருக்க வேண்டும். இது இரு பரிமாணக் கணக்கு. முப்பரிமாணத்தில் வரம்பு இன்னும் இறுக்கம், 1.2 அளவு. வலிமை 30, நழுவும் தகைவு 10 மெகாபாஸ்கல் என்று எடுங்கள். தொடக்கத் தகைவு 20 என்றால் விகிதம் 10 ÷ 10 = 1, தாவலாம். தொடக்கத் தகைவு 16 என்றால் 14 ÷ 6 = 2.3, எவ்வளவு தூரம் ஓடினாலும் தாவாது. உடையும் நிலைக்கு மிக அருகில் வந்து காத்திருந்த, நேரான, வளைவில்லாத நீண்ட பிளவுகளில்தான் இது வருகிறது. சகாயிங் பிளவின் நடுப்பகுதி அப்படிப்பட்டது. 2001 குன்லுன், 2002 டெனாலி, 2018 பாலு எல்லாமே இந்த வகைதான். 2004இல் கால்டெக் ஆய்வகத்தில் ஒளி ஊடுருவும் நெகிழித் தகடுகளை அழுத்தி, இந்தத் தாவலை அதிவேகக் கேமராவில் கண்ணாலேயே பார்த்தார்கள்.

பதிவில் கண்டுபிடிப்பது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். மியன்மார் தலைநகர் நேப்பிடாவில் பிளவுக்கு மிக அருகில் ஒரு நிலநடுக்கப் பதிவு நிலையம் இருந்தது, நிலநடுக்க மையத்திலிருந்து ஏறத்தாழ 250 கி.மீ. தெற்கே. மையத்திலிருந்து கிளம்பிய எஸ் அலை அங்கே வர 250 ÷ 3.5 = 71 நொடி ஆகும். 5 கி.மீ. வேக உடைவு முனை 50 நொடியிலேயே வந்துவிடும். இது ஒரு சோதனை. இன்னொன்று: சாதாரண வேக உடைவில் பிளவுக்குச் செங்குத்தான திசையில் அசைவு பெரிது, எஸ் அலையை முந்திய உடைவில் பிளவுக்கு இணையான திசையில் அசைவு பெரிது. நேப்பிடாப் பதிவில் இணைக்கூறு மேலோங்கியிருந்தது. ஆனால் அவசரப்படாதீர்கள்: பிளவுக்கு மிக அருகில் உள்ள கருவியில் நிலத்தின் நிரந்தர நகர்வே இணைத்திசையில்தான் பதிவாகும். அதைக் கழிக்காமல் இரு கூறுகளையும் ஒப்பிட்டால், சாதாரண உடைவும் சூப்பர்ஷியர் (எஸ் அலையை முந்திய உடைவு) மாதிரித் தெரியும். கருவியின் திசை வைப்பைச் சரிபார்த்து, பதிவைப் பிளவின் கோணத்துக்குச் சுழற்றிய பிறகுதான் கூறுகளைப் பிரிக்க வேண்டும். சகாயிங் கிட்டத்தட்ட வடக்கு-தெற்காக ஓடுவதால் இங்கே சுழற்றல் சிறியது.

கருங்கல்_செல்வி

நன்றி, 6.5 கி.மீ. கணக்கு தெளிவாக்கிவிட்டது. ஒரு துணைக் கேள்வி. காணொளி ஆய்வில் நழுவல் நேர்கோட்டில் போகாமல் சற்று வளைந்த பாதையில் போனது என்கிறார்கள். பக்கவாட்டுப் பிளவில் மேல்-கீழ் அசைவு எங்கிருந்து வருகிறது?

உடைவுமுனை

உடைவு முனை செங்குத்துக் கோடாக வருவதில்லை. ஆழத்தில் முன்னேறியபடியும் மேற்பரப்பில் பின்தங்கியபடியும், சாய்ந்து வருகிறது. அதனால் மேற்பரப்பை உடைவு கீழிருந்து மேலாகவும் தாக்குகிறது. அந்தக் கணத்தில் தகைவுக்கு ஒரு செங்குத்துக் கூறு உண்டு. ஆழத்தில் பாறையை அழுத்திப் பிடிக்கும் சுமை பெரியது என்பதால் இந்தச் சிறு கூறு அங்கே ஒன்றும் செய்யாது. மேற்பரப்பில் பிடிப்பு மிகக் குறைவு, அதனால் நழுவல் முதலில் திசை பிசகி, முனை கடந்ததும் கிடைமட்டத்துக்குத் திரும்புகிறது.

இதன் பயன் பெரியது. பழைய பிளவுச் சுவர்களில் இருக்கும் கீறல்கள் எந்தப் பக்கம் வளைந்திருக்கின்றன என்று பார்த்தால், கருவியே இல்லாத காலத்தில் நடந்த உடைவு எந்தத் திசையிலிருந்து வந்தது என்று சொல்ல முடியும். நியூசிலாந்தில் 2016 கைகோரா நிலநடுக்கத்துக்குப் பிறகு கெக்கெரெங்கு பிளவில் இத்தகைய வளைந்த கீறல்களை ஆராய்ந்தார்கள். அங்கே கல்லில் இருந்ததை இங்கே கேமரா நேரடியாகக் காட்டியது.

ஒரு எச்சரிக்கை. கேமரா பார்த்தது ஒரே இடம், அதுவும் மேற்பரப்பு. 1.3 நொடியை 460 கி.மீ.க்கும், எல்லா ஆழத்துக்கும் பொதுவாக்கிவிட வேண்டாம்.

பதில் 3: ஐராவதிக்கரை

'இடைவெளியோடு ஏன் நிற்கவில்லை' என்பதற்கு யாரும் இன்னும் வரவில்லை. இந்த நிலநடுக்கம் கற்றுக்கொடுத்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

சகாயிங் பிளவு ஆண்டுக்கு 18-20 மி.மீ. வேகத்தில் திரிபைச் (பூட்டிய பாறை வளைந்து சேமிக்கும் நகர்வு) சேர்க்கிறது. 1839இல் ஆவா நகரை அழித்த நிலநடுக்கத்திலிருந்து 2025 வரை 186 ஆண்டு. 19 மி.மீ. என்று வைத்தால் சேர்ந்தது 3.5 மீட்டர். மேக்திலா பகுதி அந்த அளவு நழுவியதில் வியப்பில்லை. ஆனால் வடக்கே சகாயிங்-மண்டலே பகுதி 1956இல்தான் உடைந்திருந்தது. அதன்பின் சேர்ந்தது 69 × 19 மி.மீ. = 1.3 மீட்டர். 2025இல் அங்கே நழுவியதோ 3 மீட்டருக்கும் மேல். சேர்த்ததைவிட அதிகம் செலவாகியிருக்கிறது! அப்படியென்றால் 1956 உடைவு கையிருப்பை முழுதாகக் காலி செய்யவில்லை. பழைய பாக்கி கிடந்திருக்கிறது. 'சமீபத்தில் உடைந்தது, எனவே பாதுகாப்பு' என்று வரைபடத்தில் பச்சை அடிப்பது இதனால்தான் ஆபத்து. பிளவைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள்காட்டி வைப்பது வேலைக்கு ஆகவில்லை.

நிற்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வடிவம். பிளவு ஓரிடத்தில் முடிந்து பக்கத்தில் தள்ளி மறுபடி தொடங்கினால், அந்த விலகல் 1 கி.மீ.க்குள் என்றால் உடைவு பெரும்பாலும் தாண்டிவிடும். 4-5 கி.மீ. ஆனால் பக்கவாட்டுப் பிளவுகளில் பெரும்பாலும் நின்றுவிடும். கணினி மாதிரிகளும் களப் பதிவுகளும் இந்த எண்ணில் ஒத்துப்போகின்றன. கூர்மையான வளைவும் தடை. உடைவு முனைக்கு முன்னால் ஏற்கெனவே தகைவு இறங்கிய பகுதி இருந்தாலும் சுமை பற்றாது. தெற்கே 1930இல் உடைந்த பகுதிகளை நெருங்கியபோது இந்த உடைவு ஓய்ந்ததில் அதற்கும் பங்கு இருக்கலாம். சகாயிங்கின் நடுவே பெரிய விலகலோ வளைவோ இல்லை. ஓடுவதற்கு வழி நேராக இருந்தது, ஓடியது.

துருக்கியில் 2023 பிப்ரவரி 6 இதற்கு நேர்மாறான பாடம். 7.8 நிலநடுக்கம் பெரிய கிழக்கு அனத்தோலியப் பிளவில் தொடங்கவே இல்லை. நார்லி என்ற சிறிய கிளைப் பிளவில் தொடங்கி, சந்திப்பை அடைந்து, அங்கிருந்து இரு திசையிலும் பெரிய பிளவில் பரவி 300 கி.மீ.க்கு மேல் உடைத்தது. கிளை சந்திப்போடு நின்றிருந்தால் 7ஐ ஒட்டிய ஒரு நிலநடுக்கமாக முடிந்திருக்கும். சின்னப் பிளவுகளை வரைபடத்திலிருந்து நீக்கிவிட்டு ஆபத்தைக் கணிப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

இந்த இழையைப் படிக்கும் சென்னைவாசிகளுக்கு ஒரு செய்தி: 2012 ஏப்ரல் 11 அன்று சென்னையில் உணர்ந்த 8.6 நிலநடுக்கமும் பக்கவாட்டு வகையே. சுமத்ராவுக்கு மேற்கே கடலடித் தட்டுக்குள், ஒன்றுக்கொன்று ஏறத்தாழ செங்குத்தான பல பிளவுகள் அடுத்தடுத்து உடைந்தன. கருவிகளில் பதிவான பக்கவாட்டு நிலநடுக்கங்களில் இதுவே பெரியது. கடல்தரை பெரும்பாலும் கிடையாக நகர்ந்ததால், 2004 போன்ற ஆழிப்பேரலை எழவில்லை.

பதில் 4: பாலத்தூண்

கட்டமைப்புப் பக்கத்திலிருந்து. குலுக்கத்தைத் தாங்கக் கட்டலாம். பிளவு அடியில் 3 மீட்டர் நகர்ந்தால் எந்த அடித்தளமும் தாங்காது. கட்டடம் என்றால் பிளவுக்கோட்டிலிருந்து தள்ளி வைப்பதே வழி. சாலை, குழாய், ரயில் போன்றவை குறுக்கே போயே ஆக வேண்டும், அவற்றுக்குத்தான் வடிவமைப்பு.

சிறந்த சான்று அலாஸ்கா எண்ணெய்க் குழாய். 48 அங்குல விட்டம். டெனாலி பிளவைக் கடக்கும் இடத்தில் அதைப் புதைக்காமல், தரைமேல் நீண்ட கிடைத்தூலங்களின் மீது சறுக்கும் தாங்கிகளில் வைத்து, வளைந்து வளைந்து போகும்படி அமைத்தார்கள். 6.1 மீட்டர் கிடை நகர்வு, 1.5 மீட்டர் செங்குத்து நகர்வுக்கான வடிவமைப்பு. 2002 நவம்பர் 3 அன்று 7.9 வந்தது, குழாய்ப் பகுதியில் பிளவு ஏறத்தாழ 4.3 மீட்டர் நகர்ந்தது. சில தாங்கிகள் சேதமாயின, குழாய் ஒழுகவில்லை. 1970களில் நிலவியலாளர்கள் பிளவை ஒரு கோடாகக் குறிக்காமல் சில நூறு மீட்டர் அகலப் பட்டையாகக் குறித்ததும், பட்டை முழுவதும் சறுக்குத் தாங்கிகள் போட்டதும்தான் காப்பாற்றியது.

புதைத்த குழாய் என்றால் கடக்கும் கோணம்தான் உயிர். பிளவு நகரும்போது குழாய் இழுபட வேண்டும், நெரிபடக் கூடாது. நல்ல எஃகுக் குழாய் இழுப்பில் சில விழுக்காடு நீண்டு கொடுக்கும். நெரிசலில் அதைவிட மிகக் குறைந்த திரிபிலேயே சுவர் மடங்கும். 1999 இஸ்மித் நிலநடுக்கத்தில் குல்லார் அருகே 2.2 மீட்டர் விட்டமுள்ள எஃகுக் குடிநீர்க் குழாய் நெரிசல் தரும் கோணத்தில் பிளவைக் கடந்திருந்தது. 3 மீட்டர் வலப்பக்க நகர்வில் சுவர் மடிந்து கசிந்தது. எது இழுப்புக் கோணம் என்பதை வரைபடத்தில் இரண்டு அம்புக்குறி போட்டே பார்த்துவிடலாம்: குழாயின் இரு முனைகளும் பிளவு நகர்ந்த பின் ஒன்றையொன்று விட்டு விலகினால் இழுப்பு, நெருங்கினால் நெரிசல்.

மற்றவை: கடக்கும் இடத்தின் இருபுறமும் சுவர்த் தடிப்பை ஒரே சீராக வையுங்கள், தடிப்பு மாறும் பற்றவைப்பில்தான் முறியும். பள்ளம் ஆழமில்லாமல், சரிவான ஓரங்களோடு, தளர்மணல் நிரப்பி இருக்கட்டும். இறுகிய களிமண் குழாயைப் பிடித்துக்கொண்டு வளைவை ஒரு சில மீட்டருக்குள் குவித்துவிடும். முழங்கை வளைவு இணைப்பு, வால்வு, கான்கிரீட் நங்கூரம் எதையும் கடக்கும் இடத்தின் அருகே வைக்க வேண்டாம். அடைப்பு வால்வுகள் பட்டைக்கு வெளியே இருபுறமும்.

செல்வி கேட்ட 1.3 நொடி இங்கேயும் முக்கியம். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் நிலம் நகரும்போது தானியங்கி வால்வு மூடி முடிக்க நேரமே இல்லை. நகர்வைக் குழாயே தாங்கும்படி வடிவமைக்க வேண்டும். உடைந்தபின் வெளியேறும் அளவைக் குறைக்க மட்டுமே வால்வு.

அலைவரைவி

பாலத்தூண் சொன்னதோடு ஒரு சிறு சேர்ப்பு. சூப்பர்ஷியர் என்றாலே எங்கும் பேரழிவு என்று ஊடகங்களில் எழுதுகிறார்கள், அது அப்படியே சரியில்லை. உடைவு எஸ் அலையை முந்தும்போது அலைகள் ஒன்றுகூடி, பிளவிலிருந்து இரு பக்கமும் சாய்ந்த ஒரு கூர்முகப்பாகப் போகின்றன. உடைவு 4.2 கி.மீ. வேகம் என்றால், பிளவோடு அந்த முகப்பின் கோணத்துக்கு சைன் மதிப்பு 3.5 ÷ 4.2, அதாவது 56 பாகை. பிளவிலிருந்து தள்ளி இருக்கும் இடங்களிலும் அசைவு எளிதில் குறையாமல் இருப்பதற்கு இந்த முகப்பே காரணம். ஆனால் வேகம் சரியாக எஸ் அலையின் √2 மடங்கை, ஏறத்தாழ 5 கி.மீ.யை, நெருங்கும்போது இந்த எஸ் முகப்பே கோட்பாட்டளவில் மறைந்துவிடுகிறது. அதோடு பிளவின் கரடுமுரடும் முகப்பைச் சிதறடிக்கும். பாங்காக்கில் 1000 கி.மீ. தொலைவில் கட்டுமானத்தில் இருந்த உயர்கட்டடம் விழுந்ததை இந்த முகப்போடு முடிச்சுப் போட வேண்டாம். உடைவு தெற்கு நோக்கி ஓடியதால் நீண்ட அலைகள் அந்தத் திசையில் குவிந்தன. பாங்காக்கின் அடியில் உள்ள மென்களிமண் அதே நீண்ட அலைகளைப் பெருக்கியது. உயரமான கட்டடங்களின் இயல் அலைவு நேரமும் அதே வரிசையில் இருக்கிறது. அந்தக் கட்டடம் மட்டும் ஏன் விழுந்தது என்பது கட்டமைப்பு விசாரணையின் கேள்வி, நிலநடுக்கவியலின் கேள்வி அல்ல.